தேர்வடம் பிடித்த கை

மதினி தன் வலது கையைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்ததை நான் ஒரே ஓர் ஆடி மாதத்தில்தான் பார்த்திருக்கிறேன். அதற்கு முன்பும் அவர் அந்தக் கையை மறைத்ததில்லை, பின்பும் மறைத்ததில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. என் அண்ணனின் மனைவியான மதினி ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் இழை ஒட்டும் வேலை பார்த்தார். ஓடுகிற இயந்திரத்தில் நூல் அறுந்தால் சட்டென்று நுனியைப் பிடித்து முறுக்கிச் சேர்க்க வேண்டும். ஒரு நாள், மூடியில்லாத பல்சக்கரத்துக்குப் பக்கத்தில் பஞ்சைத் துடைக்கப் போன கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும் மட்டுமே மிஞ்சின. இனி வேலையில்லை என்று ஆலையில் அனுப்பிவிட்டார்கள். தொழிலாளர் காப்பீட்டிலிருந்து ஊனத்துக்கான உதவித்தொகை வரத் தொடங்கியது. ஆனால் அது தற்காலிகம்தான். இரண்டு வருஷம் கழித்து மதுரையில் டாக்டர்கள் குழு கையை மறுபடி பார்த்து, ஊனம் எத்தனை சதவீதம் என்று முடிவாகச் சொல்லும் என்றார்கள்.

அந்த இரண்டு வருஷமும் மதினி ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டார். மிஞ்சிய இரண்டு விரல்களுக்கு நடுவே சீப்பைச் செருகித் தலை வாரினார். உள்ளங்கையால் ஹேண்டில்பாரை அழுத்திக்கொண்டு சைக்கிள் ஓட்டினார். எத்தனையோ தடவை விழுந்து முழங்கையெல்லாம் சிராய்ப்பு. முதன்முதலாகத் தானே தோசை வார்த்து என் தட்டில் போட்ட அன்று நான் சாப்பிடாமல் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். "என்னட்டி பாக்க? சாப்பிடு, ஆறிருமில்ல" என்று அதட்டினார்.

டாக்டர்கள் குழுவிடமிருந்து அழைப்பு வந்ததும் தொழிற்சங்கத்துக்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். கெட்ட மனுஷர் இல்லை. உதவித்தொகை குறைந்துபோன பலரைப் பார்த்தவர். "எல்லாம் செய்யுதுன்னு தெரிஞ்சா கொறச்சிருவாங்கப்பா. கையத் தொங்கப்போட்டுக்கிட்டு வரச் சொல்லு. பூ வைக்க வேண்டாம். தல கலைஞ்சே இருக்கட்டும்" என்று அண்ணனிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அண்ணன் பயந்த சுபாவம். சைக்கிளைக் கொண்டுபோய் ஒரு நண்பர் வீட்டில் விட்டுவந்தார். தெருக்குழாய்க்கு மதினி போகக் கூடாது. கோயிலுக்கும் போகக் கூடாது. சாயங்காலமானால் ஒத்திகை நடக்கும். அண்ணன் நாற்காலியில் டாக்டராக உட்கார்ந்து, "இந்தத் தம்ளரத் தூக்குங்கம்மா" என்பார். மதினி தூக்கிவிடுவார். "தூக்கக் கூடாது, கீழ போடணும்" என்று அண்ணன் தலையில் அடித்துக்கொள்வார். கடைசியில் ஒரு நாள் தம்ளர் உருண்டது. நான் சிரித்தேன், மதினி சிரிக்கவில்லை. "கீழ போடாம இருக்கத்தான ரெண்டு வருசம் பழகுனேன்" என்றார்.

விரல்கள் போனபோதுகூட மதினியை நான் முடியாதவராக நினைத்ததில்லை. அந்த நாட்களில்தான் அப்படித் தெரிந்தார். இயந்திரத்தால் முடியாததை நாங்கள் வீட்டுக்குள் செய்துகொண்டிருந்தோம்.

ஆடிப்பூரத்தன்று காலையில் மதினி குளித்து, தலை நிறைய மல்லிகை வைத்துக்கொண்டு வந்து நின்றார். "வில்லிபுத்தூர் தேருக்குப் போறேன். வாரியாட்டி?"

அண்ணன் வாசலை மறித்தார். "யாராச்சும் பாத்தா என்னத்துக்கு ஆகும்?"

"பாக்கட்டும். வெரல் போனதுக்குத்தான பணம் குடுக்காக. மனசும் போகணும்னு எழுதியிருக்கா?"

அண்ணன் விலகிக்கொண்டார்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ரத வீதி கொள்ளாத கூட்டம். வடம் தரையிலிருந்து எழும்பியபோது மதினி முண்டியடித்துப் போய் இரண்டு கைகளாலும் அதைப் பற்றினார். என் தொடையளவு தடிமன் அந்த வடம். அதில் யாருடைய விரல்தான் முழுசாகச் சுற்றி வளைந்துவிடும்? பிடித்திருந்த அத்தனை கைகளிலும் மதினியின் கை எதுவென்று எனக்கே தெரியவில்லை. வியர்வை வழிய, தொண்டை கிழியக் கோஷம் போட்டுக்கொண்டு வந்தார்.

யாரோ பார்த்துவிட்டார்கள். ஒரு வாரத்தில் சங்கத்துக்காரர் ஓடிவந்தார். மதுரைக்கு மொட்டைக் கடுதாசி போயிருக்கிறதாம். "தேருக்கே போகலன்னு சொல்லிரு" என்று அண்ணன் கெஞ்சினார். மதினி அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

மதுரையில் துணைக்கு என்னை மட்டும் உள்ளே விட்டார்கள். மேஜைக்குப் பின்னால் மூன்று டாக்டர்கள். நடுவிலிருந்தவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தேர் இழுத்தீங்களாமே?" என்றார்.

"ஆமா சார், இழுத்தேன்."

"அப்ப கை நல்லாத்தான இருக்கு?"

"ஊரே சேந்து இழுத்துச்சு. பின்னால புல்டோசர் வேற தள்ளுச்சு. நான் ஒருத்தி இழுத்துத்தான் தேர் நகந்துச்சுன்னா, அதையும் எழுதிக்கோங்க."

ஓரத்திலிருந்த பெண் டாக்டர் சட்டென்று குனிந்துகொண்டார். நடுவிலிருந்தவர் சிரிக்கவில்லை. சமைப்பீர்களா, சைக்கிள் ஓட்டுவீர்களா என்று கேட்டுக்கொண்டே போனார். எல்லாவற்றுக்கும் மதினி ஆமென்றார். பிறகு கையை மேஜைமேல் விரித்து வைத்தார்.

"பழகிக்கிட்டது நான் பட்ட பாடு சார். போனது என் வெரலு. பட்ட பாட்டப் பாத்து வெரலுக்குள்ளதக் கொறைக்காதீங்க. இந்தக் கையால இழை ஒட்ட முடியுமான்னு ஆலையில கேளுங்க. முடியாதுன்னுதான அவிய என்னய அனுப்புனாக?"

ஊர் திரும்பும் பஸ்ஸில், உள்ளே நடந்ததை அண்ணனிடம் சொன்னேன். கிருஷ்ணன்கோவில் வரைக்கும் அவர், "எல்லாம் போச்சு" என்றே சொல்லிக்கொண்டு வந்தார். மதினி ஜன்னலோரம் நன்றாகத் தூங்கிக்கொண்டு வந்தார்.

தீபாவளி கழிந்து முடிவு வந்தது. சதவீதம் குறையவில்லை, உதவித்தொகை ஆயுளுக்கும் நிரந்தரம். உண்மையைச் சொன்னதால் கிடைத்தது என்று நான் சொல்ல மாட்டேன். உண்மையைச் சொல்லித் தொகை குறைந்துபோனவர்களையும் பின்னாளில் பார்த்திருக்கிறேன். அண்ணனோ, "ஆண்டாள் கண்ணத் தொறந்துட்டா" என்று கும்பிட்டார். "அவ கண்ணத் தொறந்தது இருக்கட்டும், வாயத் தொறந்தது நான்" என்றார் மதினி.

இப்போது மதினிக்கு அறுபது தாண்டிவிட்டது. பணம் தொடர்ந்து வர வேண்டுமென்றால், உயிரோடு இருப்பதாக வருஷத்துக்கு ஒரு தடவை எழுதிக் கொடுக்க வேண்டும். இந்த வருஷம் நான் கூடப் போயிருந்தேன். பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தார். படிவத்தை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உயிரோட இருக்கேன்னு மட்டுந்தான் போடணுமாம்ட்டி. நல்லாருக்கேன்னு போட எடமே விடல" என்றார். கையெழுத்துப் போட்டார். பிறகு அதற்குக் கீழே, கட்டத்தை விட்டு வெளியே, கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்தார்: நல்லாவும் இருக்கேன்.