படத்தைப் பற்றித்தான் பேசினோம்

ஐந்தாம் வகுப்பு படித்த காலத்தில், சினிமா விஷயத்தில் எங்கள் தெருவில் என் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. நான் ஒரு படம் பார்த்துவிட்டு வந்தால், மறுநாள் காலை எங்கள் வாசலுக்கு எதிரே குழாயடியில் நிற்கும் பெண்கள் கேட்பார்கள்: "பாப்பா, போகலாமா வேணாமா?" கொஞ்சம் யோசிப்பதுபோல நின்றுவிட்டுச் சொல்வேன்: "இடைவேளை வரைக்கும் நல்லாருக்கு. அதுக்கப்புறம் அம்மா செத்துருவாங்க, ஒரே அழுகை." அழப் பிடித்தவர்கள் போவார்கள். மற்றவர்கள் அடுத்த படத்துக்குக் காத்திருப்பார்கள். சண்டையில் இடது கையில் வெட்டுப்பட்டவன் அடுத்த காட்சியில் வலது கையில் கட்டுப் போட்டு வந்ததைத் திண்டுக்கல்லிலேயே முதலில் கண்டுபிடித்தவள் நான்தான் என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

அந்த வருஷம் அத்தை எங்கள் வீட்டில் இருந்தாள். அப்பாவுக்கு ஒரே தங்கை; ஒட்டன்சத்திரத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மாமாவுக்கு அங்கே காய்கறிக் கமிஷன் கடை. ஆடிப்பெருக்குக்கு வந்தவள் திரும்பிப் போகவில்லை. தீபாவளியும் எங்கள் வீட்டிலேயே கழிந்தது. வந்த அன்று அத்தையின் காதோரத்தில் கன்றிப்போன ஒரு தடம் இருந்தது. கதவில் இடித்துக்கொண்டதாகச் சொன்னாள். நான் நம்பினேன். தலை பின்னிவிடவும் கணக்குச் சொல்லித்தரவும் ஆள் கிடைத்ததில் அதற்குமேல் விசாரிக்க எனக்கு ஒன்றும் இல்லை.

தீபாவளி முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா கலர் டிவியும் வீடியோ டெக்கும் வாடகைக்கு எடுத்தார். எங்கள் வீட்டில் அது அபூர்வம். சண்டைப் படம் வேண்டும் என்று நான் நாலு நாளாகச் சொல்லி வைத்திருந்தேன். ஆனால் கேசட்டை நத்தத்திலிருந்து பெரியப்பா மஞ்சள் பைக்குள் வைத்துக் கொண்டுவந்தார். "குடும்பப் படம். எல்லாரும் உக்காந்து பாக்கலாம்" என்றார். கொஞ்ச நேரத்தில் மாமாவும் ஒரு சாக்கு நிறைய அவரைக்காயும் முருங்கைக்காயுமாக வந்து இறங்கினார். அவர் வரப்போவது அத்தைக்குத் தெரியாது. அடுப்படியை விட்டு அவள் வெளியே வரவே இல்லை. அம்மாதான் கையைப் பிடித்து இழுத்துவந்தாள். "செத்த நேரம் வந்து உக்காரு. படம்தானே."

படத்தில் ஒரு கோபக்காரக் கணவன், விருந்தாளிகள் முன்னால் மனைவியை அறைந்துவிடுகிறான். அவள் வெளியேறி வேறு ஊரில் நர்ஸ் வேலை பார்த்துப் பிழைக்கிறாள். கடைசியில் மழை கொட்டுகிறது. அவள் ஓடிவந்து அவன் காலில் விழுகிறாள். அவன் பெரிய மனசு பண்ணித் தூக்கி நிறுத்துகிறான். நடுவில் இரண்டு தடவை படம் கோடுகோடாக ஓடி, அப்பா டெக்கின் தலையில் தட்டினார். நான் எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டிருந்தேன்.

முடிந்ததும் பெரியப்பா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இதுதான்டா படம். எம்புட்டு வீம்பா போனா, கடைசில எங்க வந்து நின்னா பாத்தீங்களா? குடும்பம்னா விட்டுக்கொடுத்துத்தான் போகணும்."

"ஆமாண்ணே, நல்ல முடிவு" என்றார் அப்பா.

"பாட்டு நல்லாருந்துச்சு" என்றாள் அம்மா.

மாமா தரையைப் பார்த்தபடி, "நல்ல படமுங்க" என்றார்.

பெரியப்பா அத்தை பக்கம் திரும்பினார். "நீ என்னத்தா சொல்ற?"

"எனக்கென்னண்ணே தெரியும்? நம்ம வீட்ல சினிமாவுக்குன்னு ஒரு ஆளு இருக்கால்ல, அவளக் கேளுங்க."

அதற்காகத்தான் நானும் காத்திருந்தேன். எழுந்து நின்றே சொன்னேன்: "முடிவு கோளாறு. அடிச்சது அந்த ஆளு. ஒரு தடவகூட தப்புன்னு சொல்லவே இல்ல. இவ எதுக்கு வந்து கால்ல விழணும்? நல்லாத்தான வேலை பாத்துக்கிட்டிருந்தா?"

டெக்குக்குள் கேசட் பின்னோக்கிச் சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது. அத்தை சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை.

"இந்தக் கழுதைக்கு என்ன தெரியும்? போ, போயி வெளயாடு" என்றார் பெரியப்பா.

"இருங்க மச்சான்" என்று மாமா தடுத்தார். முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தார். "நீ சொல்லு கண்ணு. அந்த ஆளு என்ன பண்ணியிருக்கோணும்?"

இப்படி ஒரு கேள்வியை அதுவரை எந்தப் பெரியவரும் என்னிடம் கேட்டதில்லை. "அவ இருக்கிற வீட்டுக்கு வரணும் மாமா. எல்லாரும் இருக்கும்போது, அடிச்சது தப்புன்னு சொல்லணும். ஆனா அழுகக் கூடாது. அழுதா படம் இழுவையாயிரும்."

மாமா சிரிக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். சாப்பிட்டுவிட்டு பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார்.

அந்த வாரம் முழுக்க வீட்டில் அந்தப் படத்தைப் பற்றித்தான் பேச்சு. "அவ பாட்டுக்கு இருந்துட்டா, நமக்கப்புறம் யாரு பாக்குறது?" என்பார் அப்பா. "அதுக்காக அடி வாங்கிக்கிட்டு இருக்கச் சொல்றீங்களா?" என்பாள் அம்மா. ஒரே படத்தை ஒரு வாரமாக அலசுகிற குடும்பம் திண்டுக்கல்லில் எங்களுடையது ஒன்றுதான் என்று பள்ளிக்கூடத்தில் பெருமையடித்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமா மறுபடி வந்தார். கையில் சாக்கு இல்லை. குழாயடியில் தெருவே தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தது. அப்பா உள்ளே கூப்பிட்டும் வராமல் வாசலிலேயே நின்றார்.

"அன்னைக்குப் பாத்த படத்த யோசிச்சுப் பாத்தனுங்க மச்சான். பாப்பா சொன்னது சரிதானுங்க. கை நீட்டுனது தப்புங்க."

அத்தை ஈரக்கையைத் துடைத்தபடி வந்து நிலையருகே நின்றாள். "படத்துல வர்ற ஆளையா சொல்றீங்க?"

"இல்ல. என்னையத்தான் சொல்றேன்."

குழாயடியில் ஒரு குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. யாரும் நகர்த்தவில்லை. மாமாவின் முகம் சிவந்திருந்தது, ஆனால் அழவில்லை. நான் சொன்னபடியே செய்கிறார் என்பதைக் கவனித்துக்கொண்டேன்.

"சரி. கேட்டுக்கிட்டேன்" என்றாள் அத்தை. "உள்ள வாங்க. காப்பி குடிங்க."

இதற்குமேல் என்ன வேண்டும்? நான் உள்ளே ஓடினேன். கட்டிலுக்கு அடியில் இருந்த அத்தையின் பெட்டியை இரண்டு கையாலும் இழுத்துவந்து, காப்பி குடித்துக்கொண்டிருந்த மாமாவின் காலடியில் வைத்தேன். மாமா பெட்டியைப் பார்த்தார், பிறகு அத்தையைப் பார்த்தார். அப்பாவும் அம்மாவும் அத்தையையே பார்த்தார்கள்.

"அத எடுத்த எடத்துல வையி பாப்பா" என்றாள் அத்தை.

மாமா மிச்சக் காப்பியைக் குடித்து முடித்து, டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார். "வர்றனுங்க" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுத் தனியாகப் போனார்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. "அதான் மாமா சொல்லிட்டாருல்ல? நீங்க ஏன் போகல?"

"அவரு சொல்ல வேண்டியத அவரு சொன்னாரு. போறனா இல்லையான்னு நான்தான சொல்லணும்?"

நான் அமைத்துக்கொடுத்த நல்ல முடிவை அத்தை கெடுத்துவிட்டாள் என்றுதான் எனக்குத் தோன்றியது. இரண்டு நாள் அவளிடம் தலை பின்னிக்கொள்ளவில்லை. மாமா அதற்கப்புறமும் சில தடவை வந்தார், காப்பி குடித்தார், தனியாகவே திரும்பினார். தை பிறந்ததும் அத்தை பக்கத்துத் தெரு நர்சரிப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தாள். அப்பா கொஞ்ச நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை, பிறகு பேசினார்.

வேலைக்குச் சேர்ந்த வாரமே அத்தை என்னை மேட்னி ஷோவுக்குக் கூட்டிப்போனாள். கல்யாணத்துக்கப்புறம் அவள் தியேட்டருக்கு வருவது அதுதான் முதல் தடவை என்று டிக்கெட் வரிசையில் நிற்கும்போது சொன்னாள். அது சிரிப்புப் படம் என்று பேர், சிரிப்புதான் இல்லை. ஆம்பிளை பொம்பிளை வேஷம் போட்டு வருவதும், ஓடுகிறவன் சாணியில் வழுக்கி விழுவதும் நான் பத்துப் படத்தில் பார்த்தவை. அத்தை முதல் காட்சியிலேயே சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். என் தோளைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழியச் சிரித்தாள். யாரும் சிரிக்காத இடத்திலும் அவள் மட்டும் சிரித்தாள். முன் வரிசைப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

வெளியே வெயிலில் வந்ததும் தீர்ப்பைச் சொன்னேன்: "மட்டமான படம் அத்தை."

"ஆமா, மட்டம்தான்" என்று மறுபடியும் சிரித்தாள். "அடுத்த ஞாயித்துக்கெழமையும் இதுக்கே வருவமா?"

அத்தைக்குச் சினிமாவைப் பற்றி ஒன்றுமே தெரியாது என்று அன்றைக்கு நான் முடிவு செய்துவிட்டேன்.