கேம் விளையாடும் வல்லிபுரம்

ஷார்ஜா தொழிற்பேட்டையில் ஒரு சரக்குக் கிடங்கு. சீனாவிலிருந்து வரும் பார்சல்களைத் திறந்து சோதித்து அமெரிக்காவுக்கு அனுப்புகிற இடம். திறந்த பெட்டிகளுக்குத் திரும்ப டேப் ஒட்டுவது வல்லிபுரத்தின் வேலை. யாழ்ப்பாணத்துக்காரர், ஐம்பதை நெருங்குகிறவர். டேப்பை இழுக்கும்போது வரும் சத்தத்தைவிட அவர் பேசுவது குறைவு.

அதற்குக் காரணம் உண்டு. ஊரில் சண்டை நடந்த காலத்தில் அவர் கையிலும் ஒரு துப்பாக்கியைக் கொடுத்தார்கள். வேண்டுமா என்று கேட்டுக் கொடுக்கவில்லை. சில மாதம்தான் வைத்திருந்தார். ஆனாலும் அது வெளியே தெரிந்தால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவார்கள் என்று பயந்தார். அந்தக் காலத்தைப் பற்றி யாராவது கேட்டால், “பேக்கரியில நிண்டனான்” என்பார்.

பக்கத்து முவைலா பகுதியில் அவரோடு ஒரே அறையில் தங்கி, அதே கிடங்கில் லோடு இறக்கும் கார்மேகம், பரமக்குடிப் பையன், அதை நம்பி ஒருநாள் மைதாவும் ஈஸ்டும் வாங்கி வந்து முன்னால் வைத்துவிட்டான். அடுப்பிலிருந்து பிறந்தது செங்கல். “இந்த அடுப்பு வேறை” என்று வல்லிபுரம் சமாளித்தார். அன்றிலிருந்து யாராவது ஊர்க்கதை கேட்க வந்தாலே அவருக்குத் துணி துவைக்கிற வேலை வந்துவிடும். அந்த அறையிலேயே சுத்தமான சட்டை அவருடையதுதான். பார்க்கத்தான் ஆளில்லை.

ஒரு வியாழக்கிழமை காலை சூப்பர்வைசர் ஸ்ரீனிவாசன் ஒரு அறிவிப்பை எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார்.

“கைத்துப்பாக்கியில ஒரு சின்னத் துண்டை மாட்டினா மெஷின்கன் மாதிரி நிக்காம சுடுமாம். அது நம்ம வழியா போச்சுன்னா அமெரிக்காவுல ஃபெடரல் கேஸ், இங்க நமக்கு ஆப்பு.”

“துண்டுதானே சார்?” என்றான் கார்மேகம்.

“துண்டு மட்டும் கையில இருந்தாலே முழு மெஷின்கன் வெச்சிருந்த மாதிரியாம், அங்க சட்டம்.”

“அதெப்படி? ஸ்டியரிங்கை மட்டும் வெச்சிருக்கிறவன்கிட்ட கார் லைசென்ஸ் கேப்பாங்களா?”

“அங்க வக்கீலுங்களும் அதைத்தான்டா கேக்கறாங்க. எது வெறும் துண்டு, எது துப்பாக்கின்னு கோர்ட் கோர்ட்டா சண்டை. நீ போய் லோடு இறக்கு, யல்லா.”

எல்லோரும் சிரித்தார்கள். வல்லிபுரம் மட்டும் டீயைக் கீழே வைத்தார். ஒரு துண்டையே முழுத் துப்பாக்கியாக எண்ணுகிறவர்கள், சில மாதங்களை முழு ஆயுளாக எண்ண மாட்டார்களா?

மதியம் ஒரு பெட்டி வந்தது. மேலே கதவுக் கைப்பிடி உதிரி என்று எழுதியிருந்தது. ஸ்ரீனிவாசன் திறந்து, அறிவிப்பிலிருந்த படத்தோடு ஒப்பிட்டு, “இது வேற” என்று தள்ளிவிட்டார். வல்லிபுரம் உள்ளே பார்த்தார். படத்திலிருந்ததன் தம்பி. உருவம் கொஞ்சம் மாற்றம், குணம் ஒன்றுதான். டேப் ஒட்டி, பெல்ட்டில் வைத்தார். பெட்டி நகர்ந்தது. அப்போதுதான் முகவரிச் சீட்டைப் பார்த்தார். கடையில்லை, கம்பெனியில்லை. மூன்றாம் மாடியில் ஒரு வீடு. கீழ்வீட்டில் ஆட்கள் இருப்பார்கள். மேல்வீட்டிலும் இருப்பார்கள்.

ஓடிப்போய்ப் பெட்டியை இழுத்தார்.

“சேர், இது கதவுச் சாமான் இல்லை. காலமை நீங்கள் வாசிச்சது.”

“படத்துல அப்படி இல்லையே. உங்களுக்கு எப்படித் தெரியும்?”

கிடங்கு முழுவதும் திரும்பியது. இந்தக் கேள்விக்குப் பேக்கரி உதவாது.

“நான்... போனிலை துவக்காலை சுடுற கேம் விளையாடுறனான்.”

அவருடைய சட்டைப்பையில் இருந்தது பட்டன் போன். நல்லவேளை, அது அப்போது அடிக்கவில்லை. அதற்கு அடிக்கிற பழக்கமே கிடையாது.

கார்மேகம் அந்தச் சட்டைப்பையைப் பார்த்தான். பிறகு அவர் முகத்தைப் பார்த்தான்.

“ஆமா சார்,” என்றான். “என் போனைத்தான் புடுங்கி வெச்சுக்கிட்டு விளையாடுவாரு. எனக்குச் சார்ஜே மிஞ்சாது.”

சுங்க அதிகாரிகள் வந்து பெட்டியை எடுத்துப் போனார்கள். கண்டுபிடித்தது யார் என்று கேட்ட அதிகாரி, விவரம் தெரிந்ததும் வல்லிபுரத்தின் நரைத்த மீசையைப் பார்த்துச் சிரித்தார். தன் மகனும் இப்படித்தான் என்று இந்தியில் சொன்னார். கலாஸ். விஷயம் முடிந்தது.

வெள்ளிக்கிழமை லீவு. கார்மேகம் தன் போனைக் கொண்டுவந்து நீட்டினான்.

“விளையாடுங்கண்ணே. நாளைக்கு சார் ஏதாச்சும் கேட்டா சொல்லத் தெரியணும்ல?”

வல்லிபுரம் கட்டிலில் அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். திரையில் அவருடைய ஆள் ஒரு காலி வீட்டைக் கண்டுபிடித்து, கதவைச் சாத்தி, மூலையில் குந்திக்கொண்டான்.

“சுடுங்கண்ணே!”

“சும்மா இருக்கேலாதோ இதிலை?”

“சும்மா இருந்தா செத்துருவீங்க. அந்தா வர்றான் பாருங்க!”

அவர் சுடவில்லை. ஆள் செத்துப்போனான். கார்மேகம் விழுந்து விழுந்து சிரித்தான். வல்லிபுரமும் சிரித்துவிட்டார். அவர் பல் வரிசையை அந்த அறை அன்றுதான் பார்த்தது.

சிரிப்பு அடங்கியதும் கார்மேகம் மெதுவாகக் கேட்டான்:

“அண்ணே... அது பேக்கரி இல்லதானே?”

வல்லிபுரம் போனை அவன் மடியில் வைத்தார்.

“துணி ஊறப் போட்டனான்” என்று எழுந்து போனார்.

குளியலறைக் கதவைச் சாத்தினார். வாளி காலியாக இருந்தது. வெளியே கேட்கட்டும் என்று குழாயை முழுதாகத் திறந்துவிட்டு, பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.