வெள்ளை ஓடிய வாரம்

ராக்கம்மாளுக்குக் கோபம் ஏன் வருகிறது என்று யாரும் காரணம் தேட வேண்டியதில்லை. எட்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே கக்கூஸ் உள்ள காம்பவுண்டில் பதினாறு வருஷம் குடியிருந்தால் யாருக்கும் வரும். கல்யாணமான மறுமாசமே உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து திருப்பூருக்கு வந்தவள். புருஷன் பாண்டித்துரை பல்லடம் ரோட்டில் ஒரு சாயப்பட்டறையில் மெஷின் ஓட்டுகிறான். இவள் வீட்டிலிருந்தபடி பனியனுக்குப் பிசிறு வெட்டுவாள், சமைப்பாள், மகள் நதியாவைப் பள்ளிக்கூடத்துக்கு விரட்டுவாள். மீதி நேரத்தில், கக்கூஸில் தண்ணீர் ஊற்றாமல் வருகிறவர்களைத் திட்டுவாள்.

அன்றைக்கும் திட்டிக்கொண்டேதான் உள்ளே போனாள். முன்னால் போய்விட்டு வந்தவன் அவள் புருஷனே.

"ஏய்யா, ஒரு போணி தண்ணி ஊத்துனா கை ஒடிஞ்சா போகும்?"

குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். பீங்கானில் தேங்கியிருந்தது சிவப்பாக இருந்தது. மருதாணிக் கையைக் கழுவிய தண்ணீர் மாதிரி.

வெளியே வந்து அவன் சட்டையைப் பிடித்தாள். "என்னய்யா, ரத்தமாப் போயிருக்க?"

பாண்டித்துரை சிரித்தான். "கத்தாத புள்ள. பட்டறையில மெரூன் கலரு லாட்டு ஓடுது. எச்சி துப்புனாலே மெரூனாத்தான் விழுகுது. எங்க ஷிப்டுல எல்லாத்துக்கும் இப்படித்தானாம். மாஸ்டரே சொன்னாரு."

அவள் நம்பினாள். நம்பாமல் என்ன செய்வாள்? நீலம் ஓடும் வாரத்தில் அவன் மூக்கைச் சிந்தினால் நீலம். பச்சை ஓடினால் காது மடலில் பச்சை. தலையணை உறையில் அவன் தலை படும் இடத்துக்கு மட்டும் தனி நிறம். இத்தனையும் மாறுகிறவனுக்கு மூத்திரம் மட்டும் மாறாதா என்று நினைத்துவிட்டாள். அந்த நினைப்புக்காகப் பின்னால் அவள் தன்னையே திட்டிக்கொண்ட திட்டை எழுத முடியாது.

இரண்டு மூன்று நாளில் அது தானாக நின்றது. அவளும் மறந்துபோனாள்.

இரண்டு மாசம் கழித்து ஒரு வியாழக்கிழமை அவன் துணியை ஊறவைத்தாள். வாளித் தண்ணீரைப் பார்த்தே பட்டறையில் என்ன கலர் ஓடுகிறது என்று சொல்லிவிடுவாள் அவள். கருப்பு என்றால் நாலு தண்ணீர் அலச வேண்டும். அந்த வாரம் திங்கட்கிழமையிலிருந்தே தண்ணீர் நிறம் விடவில்லை. ப்ளீச்சிங் நாற்றம் மட்டும்தான். அன்றைக்கும் அப்படித்தான் இருந்தது, ஜட்டியைத் தவிர. அதில் காசு அகலத்துக்குச் செம்பழுப்பாக ஒரு கறை.

சாயங்காலம் அவன் கக்கூஸுக்குக் கிளம்பியபோது வழியை மறித்தாள்.

"தண்ணி ஊத்தாம வா."

"என்னது?"

"ஊத்துன, கொன்னுருவேன்."

பக்கத்து வீட்டு வாசலில் யாரோ சிரித்தார்கள். பதினாறு வருஷத்தில் ராக்கம்மாள் வாயிலிருந்து இப்படி ஒரு பேச்சை அந்தக் காம்பவுண்டு கேட்டதில்லை. அவள் சிரிக்கவில்லை. அவன் வந்ததும் உள்ளே போய்ப் பார்த்தாள். போன தடவையைவிடக் கெட்டிச் சிவப்பு. நடுவில் நூல் துண்டு மாதிரி ரத்தக்கட்டி.

"இந்த வாரம் என்ன கலரு ஓடுது?"

"வெள்ளை. எக்ஸ்போர்ட் ஆர்டரு."

"எத்தனை நாளா?"

"திங்கக்கிழமையில இருந்து. ஏன்?"

"அப்ப உனக்கு வெள்ளையால்ல போகணும்?"

பாண்டித்துரை லுங்கி முடிச்சை அவிழ்த்துக் கட்டினான். பிறகு மெதுவாக, "பழைய மெரூனு உள்ள தங்கியிருக்கும்" என்றான்.

"உன் வயிறு என்ன சாயத்தொட்டியா, கழுவாமப் போட்டு வைக்க? நடுவுல போச்சா? உண்மையச் சொல்லு."

"பட்டறையில ரெண்டு மூணு தடவ. வலியே இல்ல ராக்கு. வலிச்சாச் சொல்ல மாட்டேனா?"

"மூணு தடவ! எனக்குத் தெரியாம மூணு தடவ! உனக்குக் கூறு இருக்காய்யா?" அவள் போட்ட சத்தத்தில் நதியா புத்தகத்தை மூடிவிட்டு வெளியே வந்தாள்.

மறுநாள் காலை, லீவு கேட்காமல் வரமுடியாது என்று அவன் முரண்டுபிடித்ததால், அவளும் கூடவே பட்டறை கேட்டுக்குப் போனாள். டையிங் மாஸ்டர் தண்டாயுதபாணி கலர் கார்டும் கையுமாக வந்தார்.

"ஏனுங்கக்கா, காலங்காத்தால?"

"இவருக்கு ரத்தமாப் போகுது. நீங்க மெரூனு லாட்டுன்னு சொன்னீங்களாம்."

"அட, அது சூடுங்க. நாளெல்லாம் ஆவியில நிக்கற ஒடம்புங்க. ரெண்டு எளநி குடிச்சா அடங்கிப்போகும்."

"நேத்து மெரூனு, இன்னைக்குச் சூடா? சூடுன்னா மஞ்சளாப் போகும், கடுக்கும். இவருக்குக் கடுக்கவும் இல்ல, ஒண்ணும் இல்ல. வெள்ளை ஓடுற வாரத்துல செவப்பு எங்கிருந்து வந்துச்சு மாஸ்டர்? கார்டுல பாத்துச் சொல்லுங்க."

ஷிப்டுக்கு வந்தவர்கள் நின்று கேட்டார்கள். மாஸ்டரின் முகம் சுருங்கியது. "ரெண்டே நாளுங்கக்கா. சரக்கு கண்டெய்னருல ஏறட்டும், நானே அனுப்பி வைக்கறேனுங்க."

"கண்டெய்னரு இன்னைக்கு இல்லாட்டி நாளைக்கு ஏறும். இந்த மனுசன் போயிட்டா நீங்க எந்த லாட்டுல போட்டு எடுத்துத் தருவீங்க?"

புருஷனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா சின்ன வயசு. டப்பாவில் பிடித்துக் கொடுத்ததைப் பார்த்தார், டெஸ்டுக்கு அனுப்பினார், வந்த சீட்டைப் பார்த்தார். "ரத்தம்தான். எத்தனை நாளா?"

"வலி இல்லீங்கம்மா" என்றான் பாண்டித்துரை, அதுவே பதில் என்பதுபோல.

"அதாங்க எனக்குக் கவலை. வலியோட வந்தா பெரும்பாலும் கல்லா இருக்கும், இல்லைன்னா கிருமியா இருக்கும். வலியே இல்லாம ரத்தம் போனா ஒரு தடவையா இருந்தாலும் அன்னைக்கே வரணும். தானா நின்னு போச்சுன்னு விடவே கூடாது. நின்னாலும் உள்ள இருக்கறது இருக்கும்."

"பீட்ரூட் தின்னாச் செவப்பாப் போகும்ல?" என்றாள் ராக்கம்மாள். அவளுக்கும் ஓர் ஓரத்தில் ஆசை இருந்தது.

"போகும். சில மாத்திரைக்கும் போகும். மறுநாளே சரியாயிடும். நுரை அடங்காம நின்னா கிட்னியப் பாக்கணும். கட்டங்காப்பி மாதிரி போனா கல்லீரலப் பாக்கணும். ஆனா துணிக்குப் போடற சாயம் தோல்ல ஒட்டுமே தவிர, மூத்திரத்துல இப்படி வராது. யார் சொன்னா உங்களுக்கு?"

ராக்கம்மாள் திரும்பிப் புருஷனை முறைத்தாள்.

ஸ்கேனில் மூத்திரப் பையில் கொண்டைக்கடலை அளவுக்கு ஒரு கட்டி தெரிந்தது. குழாய் விட்டுச் சுரண்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வர பத்து நாள். அந்தப் பத்து நாளும் ராக்கம்மாள் யாரையும் விடவில்லை. சோறு குழைந்ததற்குக் குக்கரைத் திட்டினாள். வார்டில் பீடி கேட்ட புருஷனைத் திட்டிய திட்டில், பக்கத்துக் கட்டில்காரர் தன் பீடிக்கட்டையும் எடுத்து அவளிடம் கொடுத்துவிட்டார்.

பதினோராம் நாள் டாக்டரம்மா அவர்களை உட்காரவைத்துச் சொன்னார். புற்றுதான். ஆனால் மேலோடு இருந்திருக்கிறது, பையின் தசைக்குள் இறங்கவில்லை. மூன்று மாசத்துக்கு ஒருமுறை குழாய் விட்டுப் பார்க்க வேண்டும், தவறவே கூடாது. பீடியாலும் வந்திருக்கலாம், மருந்து கலந்த தொட்டியருகே வருஷக்கணக்காக நின்றதாலும் வந்திருக்கலாம், இதுதான் என்று அடித்துச் சொல்ல முடியாது. இரண்டையும் விட்டுவிட வேண்டும்.

"எனக்குத் தெரிஞ்ச வேலை அது ஒண்ணுதானே" என்றான் பாண்டித்துரை, ஆஸ்பத்திரி வாசலில்.

"எனக்கும் பிசிறு வெட்டத் தெரியாமத்தான் இந்த ஊருக்கு வந்தேன். கத்திரி புடிக்கக் கத்துத்தாரேன், உக்காந்து வெட்டு."

அப்போது அவன் செல்போன் அடித்தது. மாஸ்டர். அவள் பிடுங்கிக் காதில் வைத்து, "சொல்லுங்க மாஸ்டர்" என்றாள்.

"அக்கா, பாண்டி எப்ப வர்றாப்லீங்க? அவரு மெஷினு நிக்குதுங்க."

"வர மாட்டாரு. மூத்திரப் பையில புத்து. உங்க மெரூனு லாட்டும் எளநியும் சேந்து ரெண்டு மாசத்தத் தின்னுருச்சு. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா உள்ள இறங்கியிருக்குமாம். இனி அங்க எவனாச்சும் செவப்பாப் போகுதுன்னு சொல்லி, நீங்க கலரு பேரு சொன்னீங்கன்னு காதுல விழுந்துச்சு, கேட்டுல வந்து நிப்பேன். பாத்துக்கங்க."

எதிர்ப்பக்கம் மெஷின் இரைச்சல் மட்டும் கேட்டது. அவர் வைத்துவிட்டார் என்று நினைத்து அவளும் வைக்கப்போனாள்.

"அக்கா..." குரல் இறங்கியிருந்தது. "அந்த டாக்டரம்மா எத்தன மணிக்கு வருவாங்க?"

ராக்கம்மாள் போனை மறுபடி காதோடு அழுத்தினாள். பிறகு அவளுக்கு முன்னைவிட அதிகமாகக் கோபம் வந்தது.

"எத்தன நாளா மாஸ்டர்?"

"தீவாளிக்கு முன்னால ஒருக்கா... அப்பறம் நின்னு போச்சுங்க."

"கூறுகெட்ட மனுசா! எட்டு மணிக்குச் சீட்டுக் குடுப்பாங்க. நாளைக்கு வந்து சேரு. கண்டெய்னரு, கிண்டெய்னருன்னு வாயத் திறந்த, நானே பட்டறைக்குள்ள வந்து இழுத்துட்டுப் போவேன்."