கமுகுத் தடி கேலரி

நேற்று புது ஸ்டேடியத்தில் வறுத்த கடலையின் வாசனை வந்ததும், பழவங்காடி ஹோட்டல் ஒன்றில் பரிமாறும் வேலை பார்த்த என் அப்பாவின் மடியில் நினைவில் போய் உட்கார்ந்துவிட்டேன். சின்ன வயதில் அவர் என்னைக் கூட்டிப்போன பழைய கால்பந்து மைதானத்தில், கமுகுத் தடிகளைக் கயிற்றால் இறுக்கிக் கட்டிய கேலரி, ஆட்கள் குதிக்கும்போதெல்லாம் மொத்தமாகக் கிறீச்சிட்டு ஆடும். உள்ளூர் அணியின் ஓர் ஆட்டத்தைக்கூட அப்பா விட்டதில்லை. ஆனால் எந்த ஆட்டக்காரனின் பெயரும் அவருக்குத் தெரியாது.

"யாருப்பா கோல் போட்டது?" என்று கேட்டால், "யாரு போட்டா என்னட்டி, எந்திரி!" என்பார்.

தமிழன் என்பதால் வாரம் முழுக்க "பாண்டி, ரெண்டு சாயா" என்று இளக்காரமாகக் கூப்பிட்ட மலையாள ஊர், கோல் விழும் அந்த ஒரு நிமிடம் மட்டும் "சேட்டா!" என்று அண்ணனாக்கிக் கத்திக்கொண்டு, வியர்வையும் பீடியும் மணக்க அவரைக் கட்டிப்பிடிக்கும். அப்பா கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். கோலே விழாத நாட்களில் பஸ் ஏறாமல், என் கையைப் பிடித்தபடி வீடுவரை நடப்பார். ஆட்டம் பிடிக்கவில்லை போல என்று நினைத்துக்கொள்வேன்.

அந்த மைதானத்தில் இப்போது அடுக்குமாடி நிற்கிறது. புது ஸ்டேடியத்தில் ஆளுக்கொரு எண் போட்ட பிளாஸ்டிக் நாற்காலி. ஒருவர் மேல் ஒருவர் படவே வேண்டாம். நேற்று எங்கள் அணி கோல் போட்டதும் எழுந்து கையை விரித்தேன். இரண்டு பக்கமும் நாற்காலிகள் காலியாக இருந்தன.