இருபத்திரண்டுக்குக் குரல் கொடுத்தவன்

எங்கள் வகுப்பில் பொய் சொல்லத் தெரியாத ஒரே ஆள் நியூஸ்தான். பொய் சொல்ல வாயைத் திறந்தாலே அவன் காது இரண்டும் சிவந்துவிடும். இந்தக் கதையை... கதை என்று சொல்வதே தப்பு... இதை அவன் என்னிடம் சொன்னபோது நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. காதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசிவரை சிவக்கவில்லை. ஆகவே இது நடந்தது. இரவில் படிப்பதா, விடிந்தபின் படிப்பதா என்பது உங்கள் பாடு.

நியூஸ் என்பது நாங்கள் வைத்த பெயர். தொழில், கண்ணாடிக்கடை. நாள் முழுக்க நின்றபடியே வந்தவர்கள் கண்ணில் லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு "இது தெரியுதா, அது தெரியுதா" என்று கேட்டுக்கொண்டிருப்பான். வகுப்பில் பாதிப் பேர் மூக்கில் உட்கார்ந்திருப்பது அவன் போட்டுக் கொடுத்த கண்ணாடிதான். கடையை மூடிய பிறகு அவனுக்கு இரண்டாவது வேலை, ஃபோனில் இருக்கும் எங்கள் வகுப்புக் குரூப்பில் சேதி போடுவது. யாருக்குப் பேத்தி பிறந்தது, யாருக்கு மூட்டு மாற்றினார்கள், யார் ஓய்வு பெற்றார்கள், யார் இனி இல்லை.

"சலிச்சுப்போச்சுடா. பேரன் பொறந்தான்னு போட்டா நாலு பேர் பார்க்கிறான். ஆள் போயிட்டான்னு போட்டா நாப்பது பேர் கைகூப்புறான். காலையில ஃபோனை எடுக்கவே கை வரல" என்பான்.

கல்லூரி முடித்து நாற்பது வருடம். எல்லோரும் ஒருநாள் கூட வேண்டும் என்று பேச்சு எழுந்தது. இரண்டு தடவை நாள் குறித்து இரண்டு தடவையும் தள்ளிப்போனது. ஒருத்தனுக்கு மகள் பிரசவம், ஒருத்தனுக்குச் சர்க்கரை ஏறிவிட்டது, ஒருத்தனுக்குப் பெண்டாட்டி விடவில்லை. வேறு யாராக இருந்தாலும் கையைக் கழுவிவிட்டுப் போயிருப்பார்கள். நியூஸ் விடாப்பிடியாக நின்றதற்குக் காரணம் பலகுரல்.

பலகுரலைப் பற்றிச் சொல்ல வேண்டும். கல்லூரியில் யார் மட்டம் போட்டாலும் அவர்களுக்காகக் குரல் கொடுப்பவன் அவன். எங்களுக்கு வருகை எடுத்த பேராசிரியருக்கு யார் பெயரும் தெரியாது, எண்தான் தெரியும். நாங்கள் அவரை நம்பர் சார் என்போம். தலையை நிமிர்த்தாமல் எண்ணைக் கூப்பிடுவார். பதில் வராவிட்டால் இன்னும் இரண்டு தடவை கூப்பிடுவார். மூன்றாவதுக்கும் பதில் இல்லையென்றால் பேனாவை வைத்துவிட்டு, "இருக்குற இடத்துக்கு ஆள் அனுப்பிக் கூட்டிட்டு வாங்க" என்பார். நியூஸுக்கு எண் இருபத்திரண்டு, பக்கத்தில் பலகுரலுக்கு இருபத்திமூன்று. நியூஸுக்குக் காலை நேரத்தில் ஒரு லென்ஸ் பட்டறையில் வேலை. வாரத்தில் பாதி நாள் முதல் வகுப்புக்கு வரமாட்டான். "நீ போ. நான் பாத்துக்கறேன்" என்பான் பலகுரல். நியூஸின் மூக்கடைத்த குரலில், 'சார்' என்பதை அவன் இழுக்கும் அதே இழுப்பில், "ப்ரெசென்ட் சார்" என்பான். மூன்று வருடத்தில் ஒருநாள்கூட மாட்டியதில்லை.

பிறகு பலகுரல் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர் ஆனான். முப்பது வருடம் வண்டி வருவதையும் போவதையும் சொன்ன அந்தத் தொண்டையில்தான் நோய் வந்தது. இரண்டு வருடத்துக்கு முன் குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு துளை, அதன் வழியாக மூச்சு. பேச்சு அடியோடு நின்றுபோனது. ஃபோனில் தட்டித் தட்டித்தான் பேசுவான். இந்த வருடம் நோய் மறுபடியும் தலைகாட்டியது. அவன் கண் மூடுவதற்குள் எல்லோரையும் ஒரு தடவை அவன் கண்ணில் காட்டிவிட வேண்டும். நியூஸின் ஆசை அவ்வளவுதான்.

நியூஸுக்கும் ஒரு சங்கதி இருந்தது. நாலு படி ஏறினால் நெஞ்சை யாரோ மிதிப்பது போல இருக்கும். டாக்டர் உடனே பரிசோதனை எடுக்கச் சொல்லியிருந்தார். மனைவியிடம் மூச்சு விடவில்லை. தெரிந்தது பலகுரலுக்கு மட்டும்.

அன்று சனிக்கிழமை. கூட்டத்துக்கு மண்டபம் பார்க்க நியூஸ் தனியாகக் கல்லூரிக்குப் போனான். மண்டபம் பார்த்து, மைக் பார்த்து, கழிப்பறை பார்த்து முடிப்பதற்குள் கடைசிப் பேருந்து போய்விட்டது. மேற்பார்வையாளர் பழைய கட்டடத்தின் மாடியில் விருந்தினர் அறையைத் திறந்துவிட்டார். எங்கள் பழைய வகுப்பறைக்கு அடுத்த அறை. இடையில் ஒரே ஒரு சுவர்.

மாடிப்படியில் மூன்று இடத்தில் உட்கார்ந்துதான் ஏறினான். கூட வந்த காவலாளி சாவியைக் கொடுத்தார்.

"மேல வேற யாரும் இல்லீங்க சார். பக்கத்து ரூம்ல பெயிண்ட் டப்பாதான் கிடக்கு."

நியூஸ் எட்டிப் பார்த்தான். உண்மைதான். பெஞ்சு, மேசை, கரும்பலகை எதுவும் இல்லை. டப்பாக்கள், ஓர் ஏணி, இறக்கை உடைந்த மின்விசிறி. தரையில் கனத்த தூசி. படுக்கையில் சாய்ந்து பலகுரலுக்குத் தட்டினான்.

"நம்ம கிளாஸுக்குப் பக்கத்துல படுத்திருக்கேன்டா."

உடனே பதில் வந்தது. "படி ஏறினியா?"

"ஏறினேன்."

"நெஞ்சு?"

நியூஸ் நெஞ்சைத் தடவிக்கொண்டான்.

"டெஸ்ட் எடுடா கழுதை."

"கூட்டம் முடியட்டும். அலுப்பா இருக்குடா. எதுக்கும் தெம்பு இல்ல."

பிறகு ஒரு வரி வந்தது.

"சரி, நீ தூங்கு. நான் பாத்துக்கறேன்."

நியூஸ் சிரித்துக்கொண்டே விளக்கை அணைத்தான்.

விழிப்பு வந்தபோது மணி இரண்டு பத்து. நெஞ்சு கனத்தது. பனியன் நனைந்திருந்தது. இடது கை மரத்திருந்தது. படுத்த வாக்கில் என்று நினைத்துப் புரண்டான்.

கர்ர்ர்க்...

பக்கத்து அறை. மர பெஞ்சைத் தரையில் இழுக்கும் சத்தம்.

எலி என்று நினைத்தான். எலி எங்கே பெஞ்சு இழுக்கும்? காவலாளி ஏணியை நகர்த்துகிறார் போல என்று மனதைத் தேற்றிக்கொண்டான். மறுபடியும் கர்ர்ர்க்... இன்னொன்று... அப்புறம் இருமல். யாரோ கிசுகிசுப்பது. பத்துப் பேராவது உட்கார்ந்து அமைதியாவது போன்ற சலசலப்பு.

பிறகு ஒரு குரல்.

"முப்பத்தொண்ணு."

"ப்ரெசென்ட் சார்."

அந்தச் சலித்த குரல்... நம்பர் சார். அவர் போய்ப் பதினைந்து வருடம் ஆகிறது.

"எட்டு."

"ப்ரெசென்ட் சார்."

"நாப்பது."

"ப்ரெசென்ட் சார்."

வரிசையாக இல்லையே என்று தோன்றியது. முப்பத்தொன்றுக்குப் பிறகு எப்படி எட்டு வரும்? நியூஸ் கண்ணை இறுக்கி மூடினான். முப்பத்தொன்று, படிப்பு முடித்த வருடமே பைக்கில் போனவன். எட்டு, பிரசவத்தில் போனவள். நாற்பது, தண்ணீரில்...

எண் வரிசை இல்லை. எங்களில் இறந்தவர்கள், இறந்த வரிசை.

நியூஸை விட அது யாருக்குத் தெரியும்? ஒவ்வொன்றையும் அறிவித்தவன் அவன்தானே. அடுத்து பதினாறு என்று நினைத்தான்.

"பதினாறு."

"ப்ரெசென்ட் சார்."

அடுத்தது ஐந்து. "அஞ்சு" என்றது குரல். பதில் வந்தது. இப்படியே ஒவ்வொன்றாக... கடைசியாகப் போன மாதம் போனவள், நாற்பத்தேழு.

"ப்ரெசென்ட் சார்."

அவ்வளவுதான். இதோடு முடிந்தது. இனி யாரும் இல்லை.

ஒரு தாளைத் திருப்பும் சத்தம் கேட்டது.

"இருபத்திரண்டு."

நியூஸின் எண்.

நெஞ்சின் மேல் யாரோ ஏறி உட்கார்ந்தார்கள். எழ முடியவில்லை. கத்த முடியவில்லை.

"இருபத்திரண்டு."

உதடு தானாகப் பிரிந்தது. அந்த எண்ணைக் கேட்டால் வாய் திறக்கும்... பழகிய வாய். நாக்கு மேலே எழுந்தது. சொல்லிவிட்டால் போதும் போல இருந்தது. சொல்லிவிட்டுத் தூங்கலாம். எவ்வளவு அலுப்பு...

போர்வையை வாயில் திணித்துக் கடித்தான்.

பக்கத்து அறையில் எல்லோரும் காத்திருந்தார்கள். அது அவனுக்குத் தெரிந்தது.

"இருபத்திரண்டு..."

மூன்றாவது.

டக்.

பேனாவை வைத்த சத்தம்.

நாற்காலி நகர்ந்தது.

காலடி... ஒன்று... இரண்டு... கதவுப் பக்கம்...

அப்போது.

"ப்ரெசென்ட் சாஆர்."

கடைசி பெஞ்சுப் பக்கமிருந்து. மூக்கடைத்த குரல். அதே இழுப்பு.

அவனுடைய குரல்.

அவன் வாயில் போர்வை இருந்தது.

காலடி நின்றது. திரும்பிப் போனது. ஏதோ எழுதும் கீறல் கேட்டது. அப்புறம் ஒன்றுமில்லை. நெஞ்சிலிருந்து கனம் இறங்கியது, யாரோ மூட்டையை எடுத்துக்கொண்டு போனது போல. மணி பார்த்தான். இரண்டு இருபத்தாறு.

விடியும்வரை அவன் அசையவில்லை. வெளிச்சம் வந்தபின் பக்கத்து அறையைத் திறந்தான். டப்பா, ஏணி, மின்விசிறி. தூசியில் ஒரு கால்தடம்கூட இல்லை. அங்கே நிற்கும்போதே ஃபோன் அடித்தது. பலகுரலின் மகள்.

"அங்கிள்... அப்பா போயிட்டாங்க அங்கிள். ராத்திரி ரெண்டரைக்குள்ள இருக்கும்."

இதற்குப் பிறகு நடந்ததில் நானும் உண்டு. நியூஸ் அன்றே எனக்குச் சேதி சொன்னான், அழுதான், இரவில் கேட்டதைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை. பலகுரலை அனுப்பிவைத்த மறுநாள் நான்தான் அவனை மருத்துவமனைக்கு இழுத்துக்கொண்டு போனேன். டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"மூணு நாலு நாளுக்குள்ள பெரிய அட்டாக் ஒண்ணு வந்திருக்கு. தனியா இருந்தீங்களா? எப்படித் தாண்டினீங்க?"

அன்று மருத்துவமனை பெஞ்சில் உட்கார்ந்துதான் எல்லாவற்றையும் சொன்னான். நான் காதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்று மாதம் கழித்துக் கூட்டம் நடந்தது. பலகுரலின் இடத்துக்கு அவன் மகள் வந்திருந்தாள். சாப்பிட்டு முடித்து எல்லோரும் படம் எடுக்கும் நேரத்தில் எங்கள் இருவரையும் ஓரமாகக் கூப்பிட்டாள்.

"அங்கிள், ஒண்ணு கேக்கணும். யார்கிட்டயும் சொல்லல. சொன்னா பைத்தியம்பாங்க."

"சொல்லும்மா" என்றேன் நான். நியூஸ் தரையைப் பார்த்தான்.

"அன்னைக்கு நான் பக்கத்துலதான் இருந்தேன். அப்பா திடீர்னு எழுந்து உக்காந்தாங்க. ஸ்கூல் பையன் மாதிரி கையைத் தூக்கினாங்க. தூக்கி... பேசினாங்க அங்கிள். ப்ரெசென்ட் சார்னு. ரெண்டு வருஷமா சத்தமே வராத தொண்டை. டாக்டர்கிட்ட கேட்டா வாய்ப்பே இல்லைங்கிறாரு."

"அப்பா குரலைக் கடைசியா ஒரு தடவை கேட்டிருக்க" என்றேன், ஆறுதலாக.

அவள் தலையை ஆட்டினாள்.

"அது அப்பா குரல் இல்ல அங்கிள்." நியூஸைப் பார்த்தாள். "உங்க குரல்."

அன்று நிகழ்ச்சியில் பழையபடி வருகை எடுத்து விளையாடுவதாக இருந்தோம். நியூஸ் வேண்டாம் என்று நிறுத்திவிட்டான். திரும்பும் வழியில் ஏனென்று கேட்டேன்.

"அங்க இருபத்திரண்டு வந்தாச்சுன்னு எழுதியாச்சு. இருபத்திமூணு இன்னும் வரல. அவன் என் நம்பர்ல உக்காந்திருக்கான்" என்றான். பிறகு, "என்னைக்காவது இருபத்திமூணைக் கூப்பிடுவாங்க இல்ல? அப்ப அவனுக்கு யாருடா சொல்றது?" என்றான்.

ஆளுக்கு அதிர்ச்சி இன்னும் தெளியவில்லை என்று விட்டுவிட்டேன்.

போன வாரம் கண்ணாடி மாற்ற அவன் கடைக்குப் போனேன். முன்பக்கம் யாரும் இல்லை. திரைக்குப் பின்னால், லென்ஸ் தேய்க்கும் அறையிலிருந்து குரல் கேட்டது.

"ப்ரெசென்ட் சார்."

கணீரென்ற குரல். முப்பது வருடம் ரயில் நிலையத்தில் கேட்ட குரல். மெல்லத் திரையை விலக்கினேன்.

உள்ளே நியூஸ் மட்டும் நின்றிருந்தான். கல்லூரி நாட்களில் ஒரு நாயைப் போலக்கூடக் குரைத்துக் காட்டத் தெரியாதவன். என்னைப் பார்த்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"பழகிக்கிறேன்டா" என்றான்.

காது சிவக்கவில்லை.