நாலு சிம் பெட்டி

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் என்பதால் எழுத்துப் பிழைகளும் இருக்கும். வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்ல எனக்குக் கூச்சம், அதனால்தான் எழுதுகிறேன்.

கொழும்பு கொட்டாஞ்சேனையில் என் அறை மேசையில் ஒரு கறுப்புப் பெட்டி இருக்கிறது. ஒரு செங்கல் அளவு. மேலே கொம்புகள் போல அன்டெனாக்கள், முன்பக்கத்தில் நாலு சிறு விளக்குகள், உள்ளே நாலு கம்பனிகளின் சிம்கள். அது வீடியோ அண்ணனுடையது. வெள்ளவத்தையில் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். செத்த வீடுகளை, வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் பார்ப்பதற்காக நேரடியாக இணையத்தில் காட்டுவது அவர் தொழில். நான் அவருடைய பையைத் தூக்கி, வயர் சுற்றி, மழை வந்தால் கமராவுக்குக் குடை பிடிக்கிறவன்.

வெள்ளவத்தையில் ஒருவர் இறந்தால் பக்கத்தில் நின்று பார்ப்பவர்களைவிடத் தூரத்திலிருந்து பார்ப்பவர்கள்தான் அதிகம். படம் ஓடத் தொடங்கியதும் அண்ணன் கமராவுக்கு முன்னால் குனிந்து, "சத்தம் கேக்குதோ? படம் தெரியுதோ?" என்று கேட்பார். உடனே போனில் கட்டளைகள் வரும். "அண்ணை, அப்பாட முகத்துக்குக் கிட்டக் கொண்டு போங்கோ." "அந்தப் பச்சைச் சாரி மாமியை விலகச் சொல்லுங்கோ அண்ணை, அரை மணித்தியாலமா அவவின்ர முதுகைத்தான் பாக்கிறம்." மாமியிடம் போய்ச் சொல்ல வேண்டியவன் நான். எனக்கு நா எழாது. ஒன்றும் பேசாமல் ஒரு கதிரையை இழுத்து மாமிக்குப் பின்னால் வைப்பேன். அவ இருந்துவிடுவா. முகம் தெரியும். "என்ர ஊமை மந்திரி" என்று அண்ணன் காதுக்குள் சொல்லிச் சிரிப்பார்.

தொடக்கத்தில் அவரிடம் இருந்தது வேறு பெட்டி. இரண்டு இணைப்புகளைப் போட்டால் வேகமும் இரண்டு மடங்காகும் என்று நம்பி வாங்கியிருந்தார். ஆனால் அது பாரத்தைப் பங்கிடுகிற பெட்டி. ஒருவருடைய வேலையை ஒரு வழியாலும் இன்னொருவருடைய வேலையை மற்ற வழியாலும் அனுப்பும். எங்களிடம் இருந்ததோ ஒரே ஒரு படம். அது ஒரே வழியால்தான் போனது. ஒரு செத்த வீட்டில் வந்த சனமெல்லாம் கையில் போனோடு நிற்க, அந்த வழி நெரிபட்டுப் போயிற்று. வாய்க்கரிசி போடும் நேரம் படம் அப்படியே உறைந்துவிட்டது. மற்ற வழி சும்மா கிடந்தது. படம் திரும்பி வந்தபோது கூடத்தில் குத்துவிளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. கனடாவில் இருந்த மகள் அழவில்லை. "என்ர அப்பா எங்கை அண்ணை?" என்று மட்டும் கேட்டா.

அன்றைக்கு அண்ணன் சாப்பிடவில்லை. அதற்குப் பிறகுதான் இந்தக் கறுப்புப் பெட்டி வந்தது. இது ஒரே படத்தைத் துண்டுகளாக்கி நாலு வழியாலும் அனுப்பும். போய்ச் சேருகிற இடத்தில் அவை மறுபடி ஒன்றாகப் பொருந்தும். எனக்கு விளங்கவில்லை என்று அவருக்குத் தெரிந்தது. "பாடையைப் பார் தம்பி," என்றார். "நாலு பேர் தூக்கினம். ஒருத்தன் இடறினா மற்ற மூண்டு பேரும் தாங்குவினம். பாடை விழாது."

இன்னொன்றும் சொல்வார். "எங்கட போனிலையும் திறந்து வை. அங்கை இருக்கிறவைக்கு எப்பிடித் தெரியுதெண்டு நாங்களும் பாக்கோணும்." எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று போனின் மூலையில், ஒரு கண் படத்துக்குப் பக்கத்தில் எண் காட்டும். அதில் ஒன்று எப்போதும் நாங்கள்.

அண்ணனுக்கும் பாரிசில் ஒரு மகன் இருந்தான். சின்ன வயதில் தாயோடு போனவன். தகப்பன் கூப்பிட்டால் எடுப்பதில்லை. அதைப் பற்றி அண்ணன் என்னிடம் கதைத்தது ஒரே ஒரு தடவை, கடற்கரை ரயில் பாதையோரம் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தபோது. "நான் செத்தா அவனுக்கும் லிங்கை அனுப்படா. பாத்தாப் பாக்கட்டும்."

நெஞ்சு வலியென்று ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பி வரவில்லை. பொரளையில், செத்தவர்களை வைத்துச் சடங்கு செய்கிற மலர்ச்சாலை ஒன்றில் வைத்தார்கள். வந்தவர்கள் கொஞ்சப் பேர். அவ்வளவு பேருக்கு எந்த வழியும் நெரிபடாது. ஒரு சிம்மே போதும். ஆனாலும் நான் நாலையும் போட்டேன். நாலு விளக்கும் பச்சையாக எரிந்தன. மகனுக்கு லிங்கை அனுப்பினேன். என் போனிலும் திறந்து வைத்தேன். பிறகு கமராவுக்கு முன்னால் குனிந்து, வாழ்க்கையில் முதல் தடவையாகக் கேட்டேன். "சத்தம் கேக்குதோ தம்பி? படம் தெரியுதோ?"

போன் மூலையில் கண் படத்துக்குப் பக்கத்தில் ஒன்று என்று இருந்தது.

கமராவை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனேன். ஒருவரும் சொல்லாமலே கொண்டுபோனேன். சவப்பெட்டி மூடியைத் தூக்கிக்கொண்டு மலர்ச்சாலைக்காரர் வந்தபோது, "கொஞ்சம் பொறுங்கோ" என்றேன். எனக்கே என் குரல் புதிதாக இருந்தது.

அவர் சிங்களவர், தமிழ் ஓரளவு கதைப்பார், தம்பி என்பதை மட்டும் சிங்களத்தில் மல்லி என்பார். "ஆரும் வர இருக்கா மல்லி?"

"ஓம். மகன்."

"எங்க இருந்து?"

"பாரிஸ்."

"ஐயோ, பிளேன் எத்தனை மணிக்கு?"

நான் போனைக் காட்டினேன். அவர் மூடியைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு வந்து என்னோடு நின்று பார்த்தார். ஐயர் மணிக்கூட்டைப் பார்த்தார். எண் மாறவில்லை. மலர்ச்சாலைக்காரர் கண் படத்தைக் கண்டுவிட்டு என் தோளைத் தட்டினார். "ஆ, ஒரு ஆள் பாக்கிறார் தானே மல்லி. மகன் பாத்திட்டார். சரி, மூடுவம்."

அந்த ஒருவன் நான் என்று அவருக்குச் சொல்லவில்லை. மூடினார்கள். நாலு பேர் தூக்கினார்கள், நாலு பேரும் மலர்ச்சாலை ஆட்கள். கனத்தை மயானத்தில் எல்லாம் முடியும் வரையில் நான் என் போனை மூடவில்லை. மூடியிருந்தால் அந்த ஒன்றும் போயிருக்கும்.

நேற்று, தகப்பனை இழந்தவர்கள் வெள்ளவத்தைக் கடலில் முழுகினார்கள். கரையில் நின்று பார்த்துவிட்டு அறைக்கு வந்து கறுப்புப் பெட்டியைப் போட்டேன். நாலு விளக்கும் ஒவ்வொன்றாகப் பச்சைக்கு வந்தன. அனுப்புவதற்கு என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. கொஞ்ச நேரம் எரியவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கொட்டாஞ்சேனை,
ஆடி அமாவாசைக்கு மறுநாள்.