படகு திரும்பி வராத ஊர்

நூர் முகம்மதின் வீடியோ கேம் கடைக்கு வருபவர்கள் அட்டைப் படத்தைப் புரட்டிப் பார்ப்பார்கள், பேரம் பேசுவார்கள், கடைசியில், "கதை எப்படி பாஸ்?" என்பார்கள். நூர் மூலை நாற்காலியைக் காட்டிவிடுவான். "அங்கிள் ஆடி முடிச்சிட்டாரு. அவரையே கேளு லா."

"ஆடாதே," என்பார் விநாயகமூர்த்தி. எப்போதும் அதுதான் தீர்ப்பு.

"என் வியாபாரத்துக்கு வேட்டு வைக்கத்தான் இவருக்குத் தே தாரேக் டீ வாங்கிக் கொடுக்கிறேன்," என்று நூர் அலுத்துக்கொள்வான்.

விநாயகமூர்த்திக்கு வயது நாற்பத்து மூன்று. நில அளவை அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவர். சர்க்கரை நோய் வலது கண்ணைக் கொண்டுபோனதும் வேலையும் போனது. மணமாகவில்லை. பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில், ஆசிரியையான அக்கா குணபூசணியோடு இருந்தார். நீண்டு கிடந்த பகல்களில் விளையாட்டு வந்து ஒட்டிக்கொண்டது. சுட்டுத் தள்ளுகிற ஆட்டங்களில் அவருக்கு ருசியில்லை. நாமே ஒரு பாத்திரமாகி, ஊர் ஊராக நடந்து, முடிவெடுத்துப் போகிற கதைகள்தான் வேண்டும்.

அவற்றை எடைபோட அவரிடம் இருந்தது ஒரே சோதனை. ஆட்டத்தில் வரும் அரசன் கேட்பான்: எங்கள் நாட்டைக் காப்பாயா? திரையில் 'ஆம்', 'இல்லை' என்று இரண்டு சொற்கள். மூர்த்தி 'இல்லை'யை அழுத்துவார். அரசன் மறுபடி கேட்பான். மறுபடி 'இல்லை'. 'ஆம்' என்கிறவரை அரசன் விடமாட்டான். மறுக்க வழியில்லாதவனிடம் சம்மதம் கேட்பது பொய். பொய்யான கதைக்கு எதற்கு மனிதன் தன் நேரத்தைக் கொடுக்க வேண்டும்?

தொண்ணூற்றெட்டில் இடது கண்ணும் மங்கத் தொடங்கியது. லேசர் சிகிச்சை பலிக்கவில்லை, தீபாவளிவரை தாங்கினால் பெரிது என்று மருத்துவர் மறைக்காமல் சொன்னார். இன்னும் ஒரு கதைக்குத்தான் பார்வை மிச்சம்.

"எங்கட முகத்தைப் பாரன், தம்பி," என்றாள் குணபூசணி. "கண் இருக்கிறவரைக்கும் அந்தப் பெட்டியையே பாக்கப்போறியோ?"

"உங்கட முகம் எனக்கு மனப்பாடம் அக்கா."

"என்ன மனப்பாடம்? என்ர தலை நரைச்சுப்போனது தெரியுமோ உனக்கு?"

அவருக்குத் தெரியாது.

நூர் கொடுத்த புதிய ஆட்டத்தில் ஓர் ஆற்றங்கரை ஊர் வந்தது. படகுக்காரி கேட்டாள்: எங்களோடு வருகிறாயா? மூர்த்தி 'இல்லை' என்றார். படகு போய்விட்டது. அதுவரை கூட நடந்த தோழர்களும் அதில் போய்விட்டார்கள். யாரும் திரும்பக் கேட்கவில்லை. மூர்த்தி நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டார்.

கதையை அவர் மேலே தள்ளவில்லை. மறுத்தவனுக்கு இந்தக் கதை என்ன வாழ்க்கையைத் தரப்போகிறது என்று பார்க்க அந்த ஊரிலேயே தங்கினார். நாலு குடிசை, ஒரு கிணறு, கரையில் ஒரு மீனவன். நாளாக ஆக, திரையின் ஆங்கில எழுத்துகள் அவர் கண்ணில் கரைந்தன. பள்ளிவிட்டு வந்து குணபூசணி பக்கத்தில் உட்கார்ந்து, திட்டிக்கொண்டே தமிழில் சொன்னாள்: "'ஆத்தில இண்டைக்கு மீன் இல்லை' எண்டு சொல்லுறான். நேத்தும் இதைத்தான் சொன்னவன்."

"பொறுங்கோ அக்கா. ஏதோ வரும்."

தீபாவளிக்குள் திரை வெறும் வெளிச்சமாகிவிட்டது.

அக்கா கையைப் பிடித்துக் கடைக்குக் கூட்டிவந்த அன்று, ஒருவன் அந்த ஆட்டத்தின் கதை எப்படி என்று கேட்டான். "ஆடலாம்," என்றார் மூர்த்தி. அந்தக் கடையில் அவர் அப்படிச் சொன்னது அதுவே முதல் தடவை.

அவன் வாங்கிக்கொண்டு போனதும் நூர் அவருக்குப் பக்கத்தில் வந்து குந்தினான்.

"அண்ணே, ஒரிஜினல் வச்சிருக்கிற ஒருத்தன் சொன்னான். அந்தப் படகு திரும்பி வருமாம். நீங்க ஆமான்னு சொல்ற வரைக்கும் வந்து வந்து கேக்குமாம். நம்ம காப்பி சிடியில எடம் பத்தலைன்னு அந்தத் துண்டை வெட்டிட்டானுங்க."

"அப்ப அந்த ஊர்?"

"அங்க ஒண்ணும் இல்லண்ணே. கதை அறுந்து போச்சு."

மூர்த்தியின் கை நாற்காலியின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தது.

"நல்ல காப்பி தரேன். அக்கா ஆடட்டும், நீங்க கேளுங்க."

"வேணாம்."

"சும்மாதாண்ணே தரேன்."

"வேணாம், நூர்."

நூர் மூன்றாவது முறை கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, வழக்கமான இடத்தில் உட்கார்ந்தார் மூர்த்தி. "அக்கா, அந்த மீன்காரன் இண்டைக்கு என்ன சொல்லுறான்?"

"ஆத்தில இண்டைக்கு மீன் இல்லையாம்."

ஆட்டத்தில் அந்த ஊருக்கென்று மெல்லிய புல்லாங்குழல் ஒன்று ஓயாமல் ஒலிக்கும். அவர் காது கொடுத்துக் கேட்டார். கீழே பஸ் போகிற சத்தம் மட்டும் வந்தது. அக்கா பெட்டியைப் போடவேயில்லை.

"சரி," என்றார். பிறகு கையை நீட்டி, அவள் தலைமுடி இருக்கும் இடத்தைத் தேடினார்.